ஏழு மணி மின்சாரம்

(கோயம்புத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'சூரிய மின்சாரத்தில் பெருமுதலீடு தேவையா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தேவைதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அவ்வளவே. மீதி நேரத்தை அதற்கு அடுத்த கேள்விகளுக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன். எதில் முதலீடு? யாருடைய பணம்? யூனிட் என்ன விலைக்கு, எத்தனை வருஷத்துக்கு எழுதிக்கொடுத்து? அந்த மின்சாரம் நாளின் எந்த நேரத்தில் வரும்? வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் சுவாரஸ்யமானதுதான். ஆனால் அதை நடத்திக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் இந்தக் கேள்விகளை யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்காததற்கான பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

கோவையில் இதைப் பேசுவதில் ஒரு சௌகரியம். காற்றாலை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இந்த அரங்கிலேயே சொந்தமாகக் காத்தாடி வைத்திருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். 'இந்த வருஷம் சீசன் எப்படி?' என்று இங்கே ஒருவர் கேட்டால், குற்றாலத்தைக் கேட்கிறாரா காத்தாடியைக் கேட்கிறாரா என்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் காற்று ஒன்றுதான். அதனால் காற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் அரசு பரிசோதனைக்காகச் சில காற்றாலைகளை நட்டது. இன்றைய இயந்திரங்களுக்கு முன்னால் அவை பொம்மை அளவு. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் கணவாய் இருக்கும் இடத்திலெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது என்பது அந்தப் பரிசோதனைக்கு முன்பே ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். 1990களில் தனியார் முதலீடு வந்தது. முப்பந்தலும் அதைச் சுற்றிய ஊர்களும் நாட்டிலேயே பெரிய காற்றாலைத் தொகுதியாயின.

அந்த முதலீட்டைக் கூட்டி வந்தது எது? காற்றுக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். மறுபாதி வருமான வரிச் சட்டத்துக்கு. காற்றாலை வாங்கிய முதல் ஆண்டிலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு இருந்தது. லாபத்தில் ஓடிய நூற்பாலைக்கு, சிமெண்ட் ஆலைக்கு, சினிமாக்காரருக்குக்கூட, காத்தாடி ஒரு நல்ல வரிச் சேமிப்பு. ஆடிட்டர்கள்தான் அந்தக் காலத்தின் எரிசக்தி ஆலோசகர்கள். மார்ச் 31க்குள் கோபுரம் நின்றுவிட வேண்டும். சுற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த 100 சதவீதம் பிறகு 80 ஆனது. 2012இல் அதையும் எடுத்தார்கள், 2014இல் திரும்பக் கொடுத்தார்கள், 2017இல் 40 ஆக்கினார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் காற்றாலைத் தொழில் ஏறி இறங்கியது. இடையில் 2009இல் மத்திய அரசு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. என் கணக்கில் இத்தனை வருஷத்தில் வந்த நல்ல யோசனை அதுதான். நட்டதற்குக் காசு கொடுப்பதை விட்டு, சுற்றியதற்குக் காசு கொடுத்தார்கள்.

நட்டதற்குக் காசு கொடுத்ததன் விளைவை நீங்கள் நாகர்கோவில் போகும் வழியில் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலேயே காற்று மிக நன்றாக அடிக்கும் நிலத்தில் 225, 250 கிலோவாட் பழைய சின்ன இயந்திரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. இன்றைக்கு ஒரே கோபுரத்தில் இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரம் வைக்க முடியும். உயரம் கூடினால் காற்றும் சீராகக் கிடைக்கும். ஆனால் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு நட, பக்கத்து நிலம் ஒருவருடையது, அதற்குப் பக்கத்து இயந்திரம் இன்னொருவருடையது, துணைமின் நிலையத்துக் கொள்ளளவு மூன்றாவது விஷயம். 2024இல் மாநில அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் கேட்கப்பட்ட கட்டணங்கள் பற்றி உரிமையாளர்களுக்கு மனத்தாங்கல், விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. முப்பது வருஷத்துக்கு முன் முதலீடு எந்த வாசல் வழியாக வந்ததோ, அதன் தடம் இன்னும் நிலத்தில் இருக்கிறது. பெருமுதலீட்டைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அடுத்தது பேங்கிங். இதையும் இங்கே விளக்க வேண்டியதில்லை என்றாலும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை காத்தாடி கொட்டும் மின்சாரம் முழுவதையும் மில் அப்போதே பயன்படுத்த முடியாது. மிச்சத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, பிப்ரவரியில் காற்று இல்லாதபோது எடுத்துக்கொள்ளலாம். சேமித்தது யூனிட் அல்ல, கணக்கு. சீசனில் வந்த யூனிட்டை வாரியம் அன்றைக்கே யாருக்கோ கொடுத்துவிடும். பிப்ரவரியில் திரும்பக் கொடுக்க நிலக்கரி வாங்கி எரிக்கும், அல்லது சந்தையில் வாங்கும். நூற்பாலைகளை வளர்த்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாட்டரி இல்லாத காலத்தில் மின்வாரியத்தையே நாம் பாட்டரியாக வைத்திருந்தோம். அதற்கு ஆன செலவு எங்கோ ஒரு கடன் பத்திரத்தில் ஏறியது. 2018க்குப் பின் வந்த காற்றாலைகளுக்கு அந்தச் சலுகை பழைய வடிவில் இல்லை.

2012ஐ இந்த ஊர் மறந்திருக்காது. ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூடக் கரண்ட் இல்லாத காலம். பட்டறைகளில் லேத்துக்கு முன்னால் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதே காலத்தில் சீசனில் காற்று அடித்தபோது, கொண்டுபோக லைன் போதாமல் காத்தாடிகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஓடியதற்கும் பணம் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி. உற்பத்தி நிலையத்தில் போட்ட பணம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவுக்கு நாடா வெட்டலாம். 400 கேவி லைனுக்கு யார் நாடா வெட்டுவார்கள்? மின்சாரத்தில் முதலீடு என்று பேசும்போது நம் கண் கோபுரத்திலும் பலகையிலும் நின்றுவிடுகிறது. கம்பிக்குப் போவதில்லை.

இனி சூரியன்.

2012இல் தமிழ்நாடு அரசு சூரிய மின்சாரக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2015க்குள் 3000 மெகாவாட் என்பது இலக்கு. இலக்கு நிறைவேறவில்லை. 2014 செப்டம்பரில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை நிர்ணயித்தது. அந்த விலைக்கு 25 வருஷ ஒப்பந்தம். அப்படி வந்ததுதான் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் நிலையம். சுமார் 2500 ஏக்கர், 4550 கோடி ரூபாய், 25 லட்சம் பலகைகள். 2016 செப்டம்பரில் முடிந்தபோது உலகத்திலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய சூரிய மின்நிலையம் என்று சொன்னார்கள். கட்டி முடிக்க ஆன காலம் எட்டு மாதம்.

எட்டு மாதம் என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வட சென்னை மூன்றாம் நிலை அனல்மின் நிலையம் 800 மெகாவாட். அதைத் தொடங்கி வைக்கும்போது 2024 மார்ச் ஆகிவிட்டது. வேலை தொடங்கியது 2016 வாக்கில். சூரியசக்தியை எதிர்ப்பவர்கள் இந்த ஒப்பீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாமதமான ஒவ்வொரு வருஷத்துக்கும் கட்டுமானக் காலத்து வட்டி ஏறி, நிலக்கரி மின்சாரத்தின் விலையில் போய் உட்காரும். விரைவு என்பது சூரியசக்தியின் மிகப் பெரிய பலம், சுற்றுச்சூழலைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

ஆனால் கமுதிக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தானது 2015 ஜூலை. அதே ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் ஏலம் நடந்தது. அங்கே கேட்கப்பட்ட குறைந்த விலை 5 ரூபாய் 5 காசு. அந்த நவம்பரில் ஆந்திரத்தில் 4 ரூபாய் 63 காசு. 2017இல் தமிழ்நாடே 1500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது 3 ரூபாய் 47 காசு. 648 மெகாவாட்டிலிருந்து ஆண்டுக்குத் தோராயமாக 110 கோடி யூனிட் வரும் என்று வைத்துக்கொண்டால், ஏழு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் இடையில் ஆண்டுக்கு 200 கோடிக்கு மேல் வித்தியாசம். இது காகிதக் கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம் வெயிலும் நிபந்தனையும் வேறு. அது எனக்குத் தெரியும். 2014இல் அந்த விலையை நிர்ணயித்தவர்கள் முட்டாள்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2010இல் மத்திய ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. அதைப் பார்த்தவர்களுக்கு ஏழு ரூபாய் மலிவாகத் தெரிந்திருக்கும். விலை வருஷத்துக்கு வருஷம் விழுந்துகொண்டிருக்கும் ஒரு பொருளை, ஏலம் இல்லாமல், ஒரே மூச்சில், கால் நூற்றாண்டுக்கு எழுதி வாங்கியதில்தான் எனக்கு வழக்கு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பாத்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு.

விலை ஏன் இப்படி விழுந்தது என்று நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2000இல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. கூரையில் சூரியப் பலகை வைத்தால் இருபது வருஷத்துக்கு நல்ல விலை உறுதி. அந்தச் செலவு ஜெர்மானியக் குடும்பங்களின் மின்கட்டணத்தில் ஏறியது. அந்தத் தேவையை நம்பிச் சீனாவில் தொழிற்சாலைகள் முளைத்தன. தொழிற்சாலைகள் பெருகப் பெருக விலை சரிந்தது. கற்றுக்கொள்வதற்கான கட்டணத்தை ஜெர்மனி கட்டியது, படித்துப் பட்டம் வாங்கியது சீனா, மலிவு விலையில் பலனை எடுத்துக்கொண்டது நம்மைப் போன்ற நாடுகள். இன்றைக்கு சிலிக்கான் முதல் பலகை வரை ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தித் திறனில் எண்பது சதவீதத்துக்கு மேல் சீனாவிடம். நாம் 2022 ஏப்ரல் முதல் பலகைக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் சுங்கவரி போட்டோம். அதன் பயனாக கங்கைகொண்டானிலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் பெரிய ஆலைகள் வந்திருக்கின்றன. நல்லது. வரியின் சுமை நம் யூனிட் விலையில்தான் ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்; வேலைவாய்ப்புக்காக அதைத் தாங்கலாம் என்பது என் கட்சி.

சரி, ஏழு ரூபாய் ஒப்பந்தம் தவறென்றால் கிழித்துப் போடலாமா? 2019இல் ஆந்திரத்தில் புதிய அரசு அதைத்தான் செய்யப் பார்த்தது. பழைய காற்றாலை, சூரிய ஒப்பந்தங்களின் விலையைத் திரும்பப் பேசுவோம் என்றது. வழக்கு நடந்து 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் ஆந்திரம் என்றாலே கடன் கொடுக்கிறவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இது ஏன் பெரிய விஷயம் என்றால், சூரிய மின்சாரத்தின் விலையில் வெயிலைவிட வட்டிக்குப் பங்கு அதிகம்.

இதை நான் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். சூரிய மின்நிலையம் கட்டுவது, இருபத்தைந்து வருஷத்துக்கு வேண்டிய அரிசியை முதல் நாளே மொத்தமாக வாங்கி உள்ளே வைப்பது மாதிரி. அதன்பின் கடைக்குப் போக வேண்டியதில்லை. கடனைத்தான் கட்ட வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு 4 கோடி ரூபாய், ஆண்டுக்கு 17 லட்சம் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் கடன், இருபது வருஷத் தவணை. வட்டி 9 சதவீதமென்றால் யூனிட்டுக்குச் சுமார் 2 ரூபாய் 58 காசு தவணைக்குப் போகும். வட்டி 12 சதவீதமென்றால் 3 ரூபாய் 15 காசு. அதே வெயில், அதே பலகை, அதே நிலம். மூன்று சதவீத வட்டி யூனிட்டுக்கு 57 காசாகிறது. அந்த மூன்று சதவீதத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? மின்சாரம் வாங்குகிறவர் ஒழுங்காகப் பணம் கொடுப்பாரா என்ற சந்தேகம் தீர்மானிக்கிறது. லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் இருக்கும் ஒரு வாரியம், வருஷக்கணக்கில் பாக்கி வைத்துப் பழகிய ஒரு வாரியம், கையெழுத்துப் போட்டால் ஒரு விலை. மத்திய அரசின் சூரியசக்திக் கழகம் நடுவில் நின்று கையெழுத்துப் போட்டால் வேறு விலை. 2022 ஜூனில் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கடுமையாக்கிய பிறகு பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது. யாரும் கைதட்டாத விதி அது. பல மானியங்களைவிட அதிகமாக அது சூரிய மின்சாரத்தை மலிவாக்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கொடுத்த பேச்சு மாறாமல் இருப்பதில் இன்னொரு பகுதி, ஓடுகிற நிலையத்தை நிறுத்தச் சொல்லாமல் இருப்பது. தமிழ்நாட்டில் சூரிய நிலையங்களை அடிக்கடி பேக் டவுன் செய்யச் சொன்னார்கள். காரணம், மின்தொகுப்பின் பாதுகாப்பு என்றார்கள். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. விலை அதிகமான ஒப்பந்தத்தைக் கிழிக்க முடியாதவர்கள் வேறு வழியில் குறைக்கப் பார்த்தார்களோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு.

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். அழைப்பிதழில் இல்லாத தலைப்பு: ஏழு மணி.

2024 மே தொடக்கத்தில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. இப்போது மாநிலத்தில் சூரிய நிலையங்கள் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேலும் காற்றாலைகள் பதினோராயிரத்துக்கு மேலும் இருக்கின்றன. கூட்டினால் தேவை தீர்ந்துவிட்டது! மேடையில் இந்தக் கூட்டலைச் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாலை ஆறரைக்குச் சூரியன் கணக்கிலிருந்து விலகிவிடும். ஏழு மணிக்கு வீடுகளில் விளக்கு, டிவி, ஏசி, அடுப்படியில் மிக்ஸி, கடைகளில் போர்டு எல்லாம் எரியும். சீசன் மாதமானால் காற்று காப்பாற்றும். 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் காற்றிலிருந்து வந்தது. மார்ச், ஏப்ரலில் அந்தக் காற்றும் கிடையாது. ஆகவே நண்பகலில் யாருக்கும் வேண்டாத யூனிட், ஏழு மணிக்கு எல்லோருக்கும் வேண்டிய யூனிட் என்று ஒரே நாளில் இரண்டு சரக்கு உண்டாகிவிட்டது. மின்சாரச் சந்தையில் பாருங்கள்: சில ஞாயிற்றுக்கிழமை நண்பகல்களில் விலை பூஜ்யத்தை நெருங்குகிறது; மாலையில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுகிற நாட்களும் உண்டு.

சூரிய மின்சாரம் இரண்டரை ரூபாய், நிலக்கரி ஐந்து ரூபாய் என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. சூரியன் ராத்திரியில் எரியாது, அது ஆடம்பரம் என்று சொல்கிறவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் நண்பகல் யூனிட்டையும் ஏழு மணி யூனிட்டையும் ஒரே பெயரால் அழைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். இனிமேல் பெருமுதலீடு என்று யாராவது அறிவித்தால், அதில் எத்தனை பங்கு நண்பகலை ஏழு மணிக்குக் கொண்டுபோவதற்கு என்று கேளுங்கள்.

கொண்டுபோகும் வித்தை நமக்குப் புதிதல்ல. வால்பாறை மலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. நூறு மெகாவாட் வீதம் நான்கு இயந்திரம், 1980களின் கடைசியில் இயங்க ஆரம்பித்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். பற்றாக்குறை நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். சூரியசக்தி பற்றிக் கனவுகூடக் காணாத காலத்தில் நம் பொறியாளர்கள் கட்டியது. அதற்குப் பிறகு? நீலகிரியில் குந்தா நீரேற்று மின் திட்டம், 500 மெகாவாட். பேச்சும் அனுமதியும் கட்டுமானமுமாகப் பல வருஷங்கள் போய்விட்டன. சூரியப் பலகைகளை எட்டு மாதத்தில் விரித்த மாநிலம், அந்த மின்சாரத்தை வைத்துக்கொள்ள இரண்டாவது நீரேற்று நிலையத்தைக் கட்டிமுடிக்க இத்தனை காலம் எடுக்கிறது. இனி மலைகளில் இன்னும் பல இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் காடு விலை கொடுக்கும். ஏற்கெனவே இருக்கிற அணைகளை இணைத்துச் செய்யக்கூடியவற்றை முதலில் முடிக்கட்டும்.

பாட்டரி இந்தக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2022இல் மத்திய சூரியசக்திக் கழகம் நடத்திய ஏலத்தில் ஒரு மெகாவாட் சேமிப்புக்கு மாத வாடகை சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2024 முடிவதற்குள் சில மாநில ஏலங்களில் அது இரண்டரை லட்சத்துக்கும் கீழே வந்தது. மத்திய அரசின் மானியம் அதில் ஒரு பங்கு. மீதி உண்மையான விலைச் சரிவு. 2015இல் சூரியப் பலகை நின்ற இடத்தில் இன்று பாட்டரி நிற்கிறது. அதனால்தான் பழைய கதையைச் சொன்னேன். இப்போதும் பத்தாயிரம் மெகாவாட் பாட்டரியை ஒரே கையெழுத்தில் நீண்ட காலத்துக்கு வாங்கிவிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக, ஏலம் விட்டு, குறைந்த கால ஒப்பந்தத்தில் வாங்குவதே கெட்டிக்காரத்தனம். விலை விழுகிற பொருளில் பொறுமைக்கும் ஒரு மகசூல் உண்டு.

பாட்டரியே வேண்டாத சேமிப்பும் ஒன்று இருக்கிறது. அது கிணறு. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று பிரித்துக் கொடுத்தே பழக்கம். நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்ட விவசாயியைக் கேளுங்கள், பாம்பைப் பற்றியும் சொல்வார். குஜராத் 2020இல் விவசாயத்துக்குப் பகலில் மட்டும் மின்சாரம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. மகாராஷ்டிரம், ஃபீடர் எனும் விவசாய மின்பாதைகளுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன சூரிய நிலையங்கள் வைத்து அந்த ஃபீடருக்கே பகலில் கொடுக்கிறது. நீண்ட லைன் வேண்டாம், இழப்பு குறைவு, தண்ணீர் தொட்டியிலும் வயலிலும் சேமிப்பாகிவிடும். 648 மெகாவாட்டை ஒரே இடத்தில் குவிப்பதற்குப் பதில் இரண்டு, மூன்று மெகாவாட்டாக இருநூறு இடத்தில் வைக்கும் வேலை இது. பெருமுதலீடுதான், ஆனால் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போகாத பெருமுதலீடு. நாடா வெட்டுவதற்கு இருநூறு தடவை போக வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

இப்போது இந்த அரங்குக்குக் கொஞ்சம் கசக்கிற பகுதி. வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விவசாயத்துக்கு முழுதும் இலவசம். இந்த இலவசத்துக்கு ஆகும் பணத்தில் ஒரு பங்கு அரசு மானியமாக வருகிறது. இன்னொரு பங்கு மில், பட்டறை, வணிக வளாகம் ஆகியவை கட்டும் கூடுதல் கட்டணத்திலிருந்து. அதிகக் கட்டணம் கட்டுபவருக்குத்தான் சொந்தச் சூரிய நிலையம் அதிக லாபம். ஆகவே அவர் முதலில் வெளியேறுவார். தவறே இல்லை, நானும் அதைத்தான் செய்வேன். பகலில் சொந்த மின்சாரம், ராத்திரியில் வாரியம். லைனும் டிரான்ஸ்பார்மரும் அவருக்காக இருபத்துநாலு மணி நேரமும் தயாராக நிற்க வேண்டும், வசூல் மட்டும் பாதியாகும். அதை ஈடுகட்ட வாரியம் கூரை மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் போட்டது. தொழில் அமைப்புகள் எதிர்த்தன. கட்டணத்தின் அளவு பற்றி வாதாடலாம், வாதாட வேண்டும். கட்டணமே கூடாது என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மில்லில் சேமித்த அந்த ரூபாய் எங்கோ ஒரு தையல் கடைக்காரரின் பில்லில் ஏறும்.

வீட்டுக் கூரைகளுக்கு 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்யகர் திட்டம் வந்தது; ஒரு கோடி வீடு, 75,021 கோடி ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். குறைந்த கட்டணம் கட்டுகிற நம் வீடுகளுக்கு அதனால் மாதத்தில் பெரிதாக மிஞ்சுவதில்லை. திட்டம் இங்கே வேகம் பிடிக்காததற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமில்லை.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பேச்சு முடமாகிவிடும். கமுதிப் பக்கம் நிலத்தைப் பார்த்தவர்கள், சீமைக் கருவேலம்தானே, பலகை வைத்தால் என்ன என்பார்கள். தாசில்தார் கணக்கில் தரிசு. ஆட்டு மந்தை ஓட்டும் ராமநாதபுரத்துக் கீதாரிகளின் கணக்கில் அது மேய்ச்சல். வேலி போட்ட 2500 ஏக்கரைச் சுற்றிக்கொண்டு ஆட்டை ஓட்டிப் போக வேண்டியவருக்கு நஷ்டஈட்டுப் பட்டியலில் இடமில்லை, ஏனென்றால் அவர் பெயரில் பட்டா இல்லை. கர்நாடகத்தில் பாவகடா வேறு வழி பார்த்தது. துமகூரு மாவட்டத்தின் வறண்ட பகுதி. 13,000 ஏக்கர், 2050 மெகாவாட். நிலத்தை வாங்கவில்லை, விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் தொடங்கி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடும். மழை பொய்த்த ஊரில் நிலத்துக்காரருக்கு அது நிச்சயமான வருமானம். நிலம் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் களை எடுத்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் குத்தகையில் பங்கில்லை. குத்தகை, விற்பனையைவிட நல்லது, முழுத் தீர்வல்ல. ஏக்கருக்கு இத்தனை ரூபாய் ஊராட்சிக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால் யூனிட் விலையில் அது சில காசுதான் கூடும்.

கடலுக்குள்ளும் இதே கேள்வி வரப்போகிறது. கடல் காற்றாலைகளுக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 மெகாவாட். மன்னார் வளைகுடாவில் காற்று அருமை, மீனும் அருமை. பட்டா இல்லாத இடத்தில் யாருக்கு உரிமை என்பதைக் கீதாரி விஷயத்தில் நாம் தீர்த்து வைத்திருந்தால், மீனவரிடம் பேசப் போகும்போது கையில் ஏதாவது இருந்திருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்துகிறேன். மின்கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். 2022 ஆகஸ்டில் அப்படி ஒரு கூட்டம் இதே கோவையில் நடந்தது. மின்வாரியத்தின் மனு நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். இணையத்தில் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் எழுதலாம், நேரில் போய்ப் பேசலாம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கட்டணத்தைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் மனுவில் மின்கொள்முதல் அட்டவணையைத் திறந்து, வாங்குகிற ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நேராக மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: எந்த வருஷம் கையெழுத்தானது, எந்த வருஷம் முடிகிறது, மாலை ஆறிலிருந்து பத்து வரை அதிலிருந்து எத்தனை மெகாவாட் வரும். மூன்றாவது பத்தி மனுவில் இருக்காது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.